துணைக்கு வந்த தம்பி

சின்ன வயதில் என்னைத் தேவாங்கு என்று கூப்பிடாத சொந்தக்காரர்களே இல்லை. ஒல்லி உடம்பு, பெரிய கண். அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருவர்கூட நிஜத் தேவாங்கைப் பார்த்ததில்லை. நானும்தான். அதனால், மலையடிவாரத்து மிருகக்காட்சிசாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் இரவு முகாம் நடக்கப்போகிறது, ராத்திரி நடமாடும் விலங்குகளைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், தேவாங்கும் உண்டு என்று சயின்ஸ் டீச்சர் சொன்னதும் முதல் ஆளாகக் கை தூக்கினேன். எண்பதுகளின் நடுப்பகுதி. ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவைச் சம்மதிக்க வைக்க நான் அழாத அழுகை இல்லை. கடைசியில் சரி என்றார். அந்தச் சரிக்குள் என்ன ஒளிந்திருந்தது என்பது, புறப்படும் அன்று ஏற்காடு பஸ் ஸ்டாண்டில்தான் தெரிந்தது. எண்ணெய் வழியத் தலை சீவி, மஞ்சள் பையோடு என் தம்பியையும் கூட்டி வந்திருந்தார். தம்பிக்கு ஏழு வயது.

"ஏனுங்க டீச்சர், தொணைக்கு இவனும் வர்றானுங்க."

டீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நிறைய பொண்ணுங்க வர்றாங்க. நானும் கூடவே இருக்கேன். துணைக்கு எதுக்குங்க?"

"அது சரிங்க. ஆனா வயசுக்கு வந்த புள்ளைய ராத்திரி வெளியில அனுப்பறமுங்க. ஊட்டு ஆம்பள ஒருத்தன் கூட இருந்தா ஊருல பேச்சு வராது பாருங்க."

வீட்டு ஆம்பளை அப்போது மூக்கைச் சிந்திச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். டீச்சர் வேறு வழியில்லாமல் ஏறச் சொன்னார். எனக்கு அவமானத்தில் முகமெல்லாம் எரிந்தது. மலையிறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் என் ஆம்பளைத் துணை இரண்டு தடவை வாந்தி எடுத்தது.

பகல் முழுக்க மற்றவர்கள் மானின் குளம்புத் தடத்தை வரைந்தார்கள், முள்ளம்பன்றியின் முள்ளைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். நான் தம்பிக்குக் கழிப்பறை தேடிக்கொண்டிருந்தேன். அவன் குரங்குகளுக்குக் கடலை எறிந்தான், திட்டு எனக்கு விழுந்தது. தேவாங்கின் கூண்டில், பெட்டியின் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு ரோமப் பந்து மட்டும் தெரிந்தது. முகம் எது, முதுகு எது என்றே தெரியவில்லை. "இருட்டட்டும், எந்திரிச்சு நடக்கும்" என்றார் அங்கிருந்த காப்பாளர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அன்றைய பொழுதை ஓட்டினேன்.

சாப்பாடு முடிந்ததும் டார்ச்சுகளின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டச் சொன்னார்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் ராத்திரி விலங்குகள் மிரண்டு ஒளிந்துகொள்ளுமாம். நான் என் டார்ச்சுக்குச் சுருக்கமே இல்லாமல் கட்டினேன். வரிசையில் நிற்கும்போதுதான் சிறுத்தை கத்தியது, மரம் அறுப்பதுபோல. தம்பி என் தாவணியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, ஊட்டுக்குப் போலாம். எனக்கு நொம்ப பயமா இருக்குது."

டீச்சர் நல்லவர். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்றார். அவன் அவரிடம் போகவே மாட்டேன் என்று ஓலமிட்டான். மெதுவாகச் சொன்னேன், அதட்டினேன், யாரும் பார்க்காதபோது தொடையில் கிள்ளினேன். கிள்ளியதில் அழுகை இன்னும் கூடியது. மற்றவர்கள் எங்களால் காத்து நின்றார்கள். கடைசியில் டீச்சர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு அவர்களை அழைத்துக்கொண்டு போனார். சிவப்பு வெளிச்சங்கள் மரங்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக மறைந்தன.

அவர்கள் போன சற்று நேரத்தில் அவன் தூங்கிவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. தாவணியை மெல்ல உருவினேன். விழித்து வீறிட்டான். மறுபடி தட்டிக் கொடுத்துத் தூங்க வைத்தேன். திரும்பி வந்த தோழி மூச்சு வாங்கச் சொன்னாள்: "ஒவ்வொரு கையா எடுத்து வச்சு எவ்ளோ மெதுவா நடக்குது தெரியுமா! எங்களையே பாத்துச்சு." எனக்கு அவள் வாயைப் பொத்தவேண்டும் போலிருந்தது. விடிந்ததும் கூண்டுக்கு ஓடினேன். அதே மூலை, அதே பந்து.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா அவனைத் தூக்கிக்கொண்டார். "அக்காவப் பத்திரமாக் கூட்டியாந்துட்டியா சாமி?"

"ஆமாங்கப்பா" என்றான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அவனுக்குக் கிரீம் பன் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வருஷமும் முகாம் வந்தது. அங்கே சிறுத்தை கத்தும், நான் போகமாட்டேன் என்று தம்பி சொல்லிவிட்டான். "அவன் வரமாட்டேங்கறானே கண்ணு, தொணையில்லாம எப்படி அனுப்பறது? அவன் கொஞ்சம் வளரட்டும், அப்புறம் போலாம்" என்றார் அப்பா. போன தடவை யாருக்கு யார் துணை என்று கத்தினேன். அப்பா சிரித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். பத்தாவதுக்கு மேல் அந்த முகாமில் சேர்க்கமாட்டார்கள்.

அவன் வளர்ந்தான். ஒன்பதாவது வந்ததும் அதே முகாமுக்குப் பெயர் கொடுத்தான். அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பையை நான்தான் அடுக்கிக் கொடுத்தேன். கூட யார் போகிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"தொணை எதுக்குக் கண்ணு?" என்றார். நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை.