ஒரு குழந்தைக்கு ஒரு தட்டு

'ஒரு குழந்தைக்கு ஒரு தட்டு. சமைக்காத காய்கறி மட்டும். குச்சியோ ஊசியோ கூடாது. முன்கூட்டியே படிவத்தில் எழுதிக் கொடுத்த தட்டைத் தவிர வேறெதுவும் ஏற்கப்படாது.' பேரனின் பள்ளி அனுப்பிய சுற்றறிக்கையின் நான்காம் பத்தி இது. அதைப் பள்ளியே பின்பற்றியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. படிவத்தில் நான் எழுதிக் கொடுத்த தட்டு வெள்ளை நிறம், நீள்வட்டம், ஓரத்தில் சிறு விரிசல். அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் என் மகன் வீட்டுச் சமையலறையில் இன்றும் இருக்கிறது. மருமகள் அதில் கொத்தமல்லி ஆய்கிறாள்.

நான் சவுதியில், ஜுபைலில் ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலையின் ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகனோடு வந்து இருப்பவன். உள்ளே வரும் ஒவ்வொரு காகிதத்தின் மூலையிலும் 'பெறப்பட்டது' என்று எழுதித் தேதி போடுவது என் வேலை. தேதி இல்லாத காகிதம் என்னைப் பொறுத்தவரை வந்து சேராத காகிதம். மருமகளின் அப்பா, என் சம்பந்தி, அதே சவுதியில் தம்மாமில் ஒரு கம்பெனி கேம்ப்பில் மெஸ் பொறுப்பாளர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆண்டுக்கு ஒரு மாதம் லீவில் மகள் வீட்டுக்கு வருவார். மாப்பிள்ளையைப் பெற்றவனுக்கு முதல் மரியாதை என்பது எங்களுக்குள் எழுதப்படாத விதி. அவர் அதை ஒருநாளும் மீறியதில்லை. முதல் காப்பி எனக்கு, ஏசிக்கு நேரான நாற்காலி எனக்கு, காரில் முன் சீட் எனக்கு. பேரனுக்கு மட்டும் அந்த விதி தெரியாது. பதினொரு மாதம் ஜுபைல் தாத்தாவாகிய என்னோடு இருப்பான். தம்மாம் தாத்தா பெட்டியைக் கீழே வைத்த நிமிடத்தில் அவர் மடிக்குத் தாவிவிடுவான். இதைப் பொறாமை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். இப்போது மறுப்பதில்லை.

விழாவின் பெயர் இலையுதிர் கால விழா, பள்ளியின் ஆங்கிலத்தில் 'ஆட்டம் ஃபெஸ்டிவல்'. காய்கறியை இலை வடிவில் நறுக்கித் தட்டில் அலங்கரித்து அனுப்ப வேண்டும். அந்த மாதத்தில் இந்த ஊரில் உதிர்வது ஏசிப் பெட்டியின் தண்ணீர் மட்டும்தான். ஆனாலும் சுற்றறிக்கை வந்துவிட்டது, நான் படிவத்தை நிரப்பினேன். மேப்பிள் இலை, ஐந்து முனை. சிவப்புக் குடைமிளகாய், மஞ்சள் குடைமிளகாய், கேரட், நரம்புக்கு வெள்ளரிக்காய். காகிதத்தில் அளவோடு வரைந்து பார்த்து, அதன்படி நறுக்கினேன். ஒரு நாள் பிற்பகல் முழுவதும் ஆயிற்று. பேரன் எட்டிப் பார்த்து, "தாத்தா, ஆட்டம்னா என்ன?" என்று கேட்டான். இலைகளில் பச்சையம் குறைவதை விளக்கத் தொடங்கினேன். பாதியில் ஆளைக் காணோம்.

சம்பந்தியிடம் போயிருந்தான். "எனக்கும் தெரியாதேய்யா. வா, எங்கயாவது கெடக்கான்னு பாத்துட்டு வருவோம்" என்று அவர் அவனைக் கீழே கூட்டிப்போனார். கார் நிறுத்துமிடத்தின் கடைசியில் ஒரு வாதாம் மரம் இருக்கிறது. மூன்று வருடமாக அதன் நிழலில்தான் என் மகனின் கார் நிற்கிறது. அதன் இலை சிவந்து உதிரும் என்பதை நான் கவனித்ததில்லை. இருவரும் ஏழெட்டுச் சிவப்பு இலைகளோடு மேலே வந்தார்கள். பிறகு பீட்ரூட்டையும் கேரட்டையும் அதே வடிவத்தில், கோணல்மாணலாக நறுக்கினார்கள். அசல் இலையில் பூச்சி அரித்த ஓட்டைகள் இருந்தன. பீட்ரூட்டிலும் ஓட்டை வேண்டுமென்று பேரன் ஒவ்வொன்றையும் கடித்து வைத்தான். இருவர் வாயும் ஒரே சிவப்பு. சமையலறையில் கேட்ட அந்தச் சிரிப்பு என் மேப்பிள் இலைக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

என் மகன் இரண்டு தட்டையும் பார்த்துவிட்டு, "ரெண்டும் போகட்டுமேப்பா" என்றான். நான்காம் பத்தியைக் காட்டினேன். சம்பந்தி உடனே ஒதுங்கிக்கொண்டார். "உங்க தட்டே போகட்டும் சம்பந்தி. என்னமாச் செதுக்கியிருக்கீய! இது இங்க ஃப்ரிட்ஜ்ல கெடக்கட்டும்." பிறகு, அவர் எப்போதும் சொல்வதையே சொன்னார்: "எங்க மெஸ்ல அழகெல்லாம் ஒருத்தனும் பாக்க மாட்டான். காலியாத் திரும்புற தட்டு, அதான் நமக்கு சர்டிபிகேட்." என் வேலைப்பாட்டைக் குறைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மருமகள் பேரனையும் என் தட்டையும் பள்ளியில் விட்டுவிட்டு டூட்டிக்குப் போனாள். நான் நடைக்குப் போனேன். திரும்பியபோது வீட்டில் சம்பந்தி இல்லை. மதியம் வகுப்பின் வாட்ஸாப் குழுவில் படம் வந்தது. பல் தெரியச் சிரிக்கும் பேரன், கையில் கடிபட்ட பீட்ரூட் தட்டு. என் மேப்பிள் இலை எந்தப் படத்திலும் இல்லை. பெரிதாக்கியும் பார்த்தேன்.

மாலையில் சம்பந்தி இரண்டு தட்டுகளோடு வந்தார். அவருடையதில் ஒரு துண்டுகூடக் குறையவில்லை. யாரும் தொடவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. என்னுடையதைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். தடயத்தை அழிக்கும் வேலை என்று முடிவு செய்தேன். காகிதத்தோடு காகிதத்தை ஒப்பிட்டே சம்பளம் வாங்கியவன், அந்த இரண்டு தட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

"சம்பந்தி, உங்க தட்டு இன்னைக்கு என்னாச்சுன்னா..." என்று முகமெல்லாம் சிரிப்பாக ஆரம்பித்தார்.

"வாய்மொழி விளக்கம் வேண்டாம். ஸ்கூலுக்கு எழுதிக் கேட்டிருக்கேன். பதில் வரட்டும்" என்றேன். மருமகளும் ஏதோ சொல்ல வந்தாள். அவளுக்கும் அதே பதில்தான்.

சம்பந்தி என்னையே பார்த்தார். "சரி. வரட்டும்" என்றார். பேரன் அன்று என் அறைப்பக்கமே வரவில்லை. கட்சி மாறிவிட்டான் என்று நினைத்தேன்.

அவர் லீவு முடிந்து கிளம்பிய காலையில் நான் குளியலறையில் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டேன். "வரேன் சம்பந்தி" என்று கதவுக்கு வெளியே அவர் சொன்னது கேட்டது. குழாயை மூடவில்லை. பள்ளியிலிருந்து பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று, இரண்டு, மூன்று அனுப்பினேன். அதற்குள் தம்மாமிலிருந்து செய்தி வந்தது. மெஸ்ஸில் மதியப் பந்தி முடிந்து, நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உடலை ஊருக்குக் கொண்டுவரும் காகித வேலை முழுவதையும் நான்தான் செய்தேன். எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் என்பது எனக்குத் தெரியும். அவருக்காக நான் செய்தது அது ஒன்றுதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் திருநெல்வேலியில் அவர் வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் பொரியல் வைத்துக்கொண்டு போனார்கள். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பள்ளியின் பதில். தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு ஆசிரியை எழுதியிருந்தார்: 'விழா தொடங்கும் முன்பே உங்கள் பேரன் அந்த இலைத் தட்டை வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிட்டான். என் தாத்தா செய்தது என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தான். ஒரு துண்டும் மிஞ்சவில்லை. வெறுந்தட்டோடு நின்றதால் வீட்டாரை அழைத்தோம். வந்த பெரியவர் வேறு தட்டு தந்தார். விதியை மீறி அதை ஏற்றுக்கொண்டோம்.'

பேரன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஆங்ரியா இருந்தீங்க. லெட்டர் வரும், அப்ப ஜுபைல் தாத்தாவுக்கே தெரியும், ரொம்ப ஹேப்பி ஆயிடுவாங்கன்னு தம்மாம் தாத்தா சொன்னாங்க."

மருமகள் அந்த வெள்ளைத் தட்டில் கொத்தமல்லி ஆயும்போதெல்லாம் இப்போதும் எனக்குப் பொறாமைதான் வருகிறது. பேரனைப் பற்றி அல்ல. காலியான என் தட்டைப் பள்ளிக் குழாயடியில் கழுவியபோது, எனக்குச் சேர வேண்டிய சந்தோஷத்தை எனக்கு முன்பே அவர் அனுபவித்திருக்கிறார். அதைப் பங்கு போடத்தான் வீட்டுக்கு வந்தார். பதில் வரட்டும் என்று நான்தான் சொன்னேன்.

ராஸ் அல் கைமா திரும்பியதும் அந்தப் பதிலை அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன். மூலையில் பேனாவால் எழுதினேன்: பெறப்பட்டது, பிப்ரவரி பத்தொன்பது. சம்பந்தியின் பதினாறாம் நாள்.