அண்ணனை இழுக்கிற வண்டி

"சரளைக்கல்லு மேல போகணும். பின்னாடி ஒரு ஆளையும் இழுக்கணும்," என்றாள் அக்கா.

கடைக்காரர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். கையால் தள்ளுகிற சக்கர நாற்காலிக்கு மோட்டார் மாட்டிக் கொடுக்கிற கடை அது. வருகிறவர்கள் எல்லாம் தோள்பட்டை வலி என்பார்கள், ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்பார்கள். ஆளை இழுக்க வேண்டும் என்று கேட்டு யாரும் வந்ததில்லையாம்.

"யாருங்க அந்த ஆளு?"

"எங்கண்ணன். கால உடைச்சுக்கிட்டு வீல்சேர்ல உக்காந்திருக்கான்."

"எவ்வளவு வெயிட் இருப்பாரு?"

"நல்லா தின்னு வளந்த உடம்பு."

கடைக்காரர் நெகிழ்ந்து போய்விட்டார். தன் நிலைமையிலும் கூடப்பிறந்தவனை நினைக்கிறாளே என்று நினைத்தாரோ என்னவோ, எங்கள் இருவருக்கும் டீ வரவழைத்தார். நான் டீயைக் குடித்தேன், வாயைத் திறக்கவில்லை.

இவள் எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை. பல்செட் செய்கிற பட்டறையில் என் பக்கத்து மேசைக்காரி. இருபது வயதில் ஒரு லாரி மோதி இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அதற்கப்புறம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு, நாங்கள் எல்லோரும் வந்து சேர்வதற்கு முன்பிருந்தே அந்த மேசையில் இருக்கிறாள். மெழுகில் அவள் பல் அடுக்கினால் டாக்டர்கள் திருப்பி அனுப்புவதில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். யாராவது தாமதமாக வந்தால், "வாங்க, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியா வந்துட்டீங்க," என்பாள். எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போனதற்குக் காரணம், எனக்கும் கோபம் சீக்கிரம் ஆறாது.

அவள் கோபம் இரண்டு வருடத்துக் கோபம்.

அதுவரை அம்மா அவளோடுதான் இருந்தாள். தரைத்தளத்தில் சின்ன வீடு. அடுப்பு மேடை, அலமாரி, கைகழுவும் தொட்டி எல்லாம் உட்கார்ந்த வாக்கில் எட்டுகிற உயரம். அக்கா சமைப்பாள், அம்மா குறை சொல்வாள், இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். ஒருநாள் அம்மா குளியலறையில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டாள். அது யார் வீட்டுக் குளியலறையிலும் நடப்பதுதான். ஆனால் அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான். "குடும்பத்தோட உக்காந்து பேசணும்," என்று அம்மா, அக்கா, தங்கை எல்லோரையும் தன் வீட்டுக்கு வரச் சொன்னான்.

அண்ணன் வீட்டு முற்றம் முழுக்கச் சரளைக்கல். அழகுக்காகக் கொட்டி வைத்தது. நடக்கிறவர்களுக்கு அது வெறும் கல். சக்கர நாற்காலியின் முன்னால் இருக்கிற குட்டிச் சக்கரங்களுக்கு அது புதைகுழி.

பேச்சு தொடங்கியது. அக்கா குறுக்கே பேசினாள், பேசத்தானே போனாள். அண்ணன் எழுந்து வந்து, நாற்காலியின் பின்னாலிருந்த கைப்பிடிகளைப் பிடித்தான். "நீ டென்ஷனாகாத. கொஞ்சம் காத்து வாங்கிட்டு இரு. முடிஞ்சதும் கூப்பிடறோம்," என்று சொல்லிக்கொண்டே தள்ளிக்கொண்டு போய், முற்றத்து நடுவில் மரத்தடியில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

அக்கா திரும்பி வரப் பார்த்தாள். ஒரு தள்ளுத் தள்ளினால் குட்டிச் சக்கரம் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. தங்கையைக் கூப்பிட்டாள், வரவில்லை. அண்ணியைக் கூப்பிட்டாள், வரவில்லை. உள்ளே அவள் பெயர் அடிபடுவது மட்டும் காதில் விழுந்தது. "தன்னையே பாத்துக்க முடியாதவ, அம்மாவ எப்படிப் பாத்துப்பா?" என்பது அண்ணனின் குரல். பிறகு ஒருவழியாக வந்து அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, அம்மாவின் பை கட்டி வாசலில் இருந்தது. அக்கா வீட்டுக்கு ஆள் அனுப்பி, துணிமணி எல்லாம் எடுத்து வந்து வைத்திருந்தார்கள்.

அம்மாவுக்கு அண்ணன் கொடுத்தது மாடி அறை. அக்காவால் ஏற முடியாது, அம்மாவால் துணையில்லாமல் இறங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா ஆட்டோ பிடித்துப் போய் வாசலில் நாற்காலியை நிறுத்துவாள். அம்மா பால்கனிக்கு வருவாள். "சாப்டியாம்மா?" என்று இவள் கீழேயிருந்து கத்துவாள். "என்னது?" என்று அம்மா மேலேயிருந்து கத்துவாள். இரண்டு வருடமாகத் தாயும் மகளும் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் பேசிக்கொண்டார்கள்.

அண்ணனின் முன்பற்கள் இரண்டும் அக்கா செய்தவை. ஒருமுறை அவை சரிபார்க்க எங்கள் பட்டறைக்கு வந்தன. "கொஞ்சம் ஏத்தமா வச்சு அனுப்புங்கக்கா, நாக்கக் கடிச்சுக்கட்டும்," என்றேன்.

"பல்லு என்ன பாவம் பண்ணுச்சு? அவன வேற எடத்துல பாத்துக்கறேன்," என்றாள்.

அந்த இடம் தானாக வந்தது. அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். இடுப்பு வரைக்கும் கட்டு, வாடகைக்கு ஒரு சக்கர நாற்காலி. இரண்டு பேரைப் பார்த்துக்கொள்ள அண்ணியால் முடியவில்லை. அண்ணன் மறுபடியும் போன் போட்டான். "அம்மாவ ஹோம்ல சேத்துடலாம்னு இருக்கேன். ஊருக்கு வெளிய, நல்ல காத்தோட்டமான எடம். ஞாயித்துக்கிழமை வா, சொல்லலன்னு இருக்கக் கூடாதில்ல."

அன்று அவள் போனை வைத்தாள். மெழுகை உருக்கினாள், ஒரு மேல்வரிசை முழுக்க அடுக்கி முடித்தாள். பிறகு என்னிடம், "உன் கார எடு, ஒரு கடைக்குப் போகணும்," என்றாள். அப்படித்தான் நாங்கள் அந்த டீயைக் குடிக்க வந்தது.

கடைக்காரர் மூன்று தினுசு காட்டினார். முதலாவது, பெரிய சக்கரங்களைக் கழற்றிவிட்டு மோட்டார் வைத்த சக்கரங்களை மாட்டுவது. கை ஒரு பங்கு தள்ளினால் மோட்டார் மீதியைத் தள்ளும். அக்கா கடைக்குள் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். "சொகமா இருக்கு. ஆனா முன்சக்கரம் அதே குட்டிச் சக்கரம்தான?" என்றாள்.

இரண்டாவது, நாற்காலிக்கு அடியில் பின்பக்கம் மாட்டுகிற ஒற்றைச் சக்கரம். மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற பட்டையைத் தட்டினால் பின்னாலிருந்து தள்ளும், நிற்க வைப்பதற்கும் ஒரு தட்டு. எனக்கு அது மிகவும் பிடித்தது. அக்கா கடைக்காரரை வெளியே கூட்டிப்போய், பக்கத்தில் கட்டிட வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லியைக் காட்டினாள். அதில் ஏற்றிப் பார்த்தால், பின்சக்கரம் தள்ளத் தள்ள முன்சக்கரங்கள் புதைந்துகொண்டே போயின.

"இவனும் எங்கண்ணன் மாதிரிதான், பின்னாடியிருந்து தள்ளிக் குழியில விடறான்," என்றாள்.

மூன்றாவது, முன்னால் மாட்டுவது. சைக்கிள் மாதிரி கைப்பிடியும் ஒரு பெரிய சக்கரமும். நாற்காலியின் சட்டத்தோடு கவ்வி நெம்பினால், குட்டிச் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். பிறகு அது மூன்று சக்கர வண்டி. ஜல்லி மேல் குலுங்கிக் குலுங்கி ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. அக்கா திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

கடைக்காரர் நியாயமான மனிதர். "இதுல ரெண்டு குறை இருக்கு, சொல்லிடறேன். வீட்டுக்குள்ள மேசைகிட்டப் போகணும்னா கழட்டணும். பின்னாடி பாரம் அதிகமானா முன்சக்கரம் பிடிக்காம சும்மா சுத்தும், நீங்க முன்னாடி சாஞ்சு ஓட்டணும். ஒரே ஒரு எடத்த நெனச்சு வாங்காதீங்கம்மா. டெய்லி போற எடத்த நெனச்சு வாங்குங்க."

"டெய்லி நான் நெனைக்கிற எடம் அதுதாங்க," என்றாள் அக்கா.

ஒத்திகைக்கு எங்கள் பட்டறையின் கொல்லைப்புறம். அதே ஜல்லியில் கொஞ்சம் வாங்கி வந்து கொட்டிப் பரப்பினோம். அக்காவின் பழைய நாற்காலியில் அச்சு வார்க்கிற பிளாஸ்டர் மூட்டைகளை ஏற்றி, அதற்கு அண்ணன் என்று பெயர் வைத்தோம். பெல்ட் கட்டி முன்பக்கமாக இழுத்தால் அண்ணன் மூக்கைக் குத்தி நின்றான். திருப்பிப் போட்டு, பெரிய சக்கரம் முதலில் வரும்படி பின்பக்கமாக இழுத்தால் அழகாக வந்தான். ஆனால் கைப்பிடியில் கட்டி இழுத்ததில் மல்லாந்து கவிழ்ந்தான். மூட்டை உடைந்து கொல்லையெல்லாம் வெள்ளை. நான் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. "கவுரக் கூடாது. கவுந்தா பாவப்படுவாங்க. அவன் உக்காந்திருக்கணும்," என்றாள்.

பெல்ட்டைக் கீழே, பெரிய சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற அச்சுக் கம்பியில் கட்டினோம். அண்ணன் கவிழாமல் வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் போர்ட்டிகோவில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்கா கேட்டிலிருந்து சரளைக்கல் மேல் தானே ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு மாதிரியானது. உடனே சமாளித்துக்கொண்டான்.

"என்னது இது, வண்டிக்கு மூக்கு மொளச்சிருக்கு?"

"மோட்டார்ணா."

"இதுக்கெல்லாம் ஏமாந்திருக்கியே. உன் ஒருத்தியத் தூக்கிட்டு வரதுக்கே முக்குது."

எதைக் காட்டினாலும் மட்டம் தட்டுவது அவன் சுபாவம் என்று அக்கா காரிலேயே சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் பெல்ட்டையே கொண்டு வந்திருந்தோம்.

"உன்னயும் சேத்து இழுக்கும்ணா."

"என்னயா? அதுக்கு வேற வண்டி பொறக்கணும். எங்க, இழு பாப்போம்."

நான் அவன் நாற்காலியை வீட்டைப் பார்க்கத் திருப்பிவிட்டு, குனிந்து அச்சுக் கம்பியில் பெல்ட்டைக் கட்டினேன். இத்தனை வேகமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. அக்கா முன்னால் சாய்ந்து கைப்பிடியை முறுக்கினாள். முன்சக்கரம் ஒரு தடவை சும்மா சுற்றிக் கல்லைத் தெறிக்கவிட்டது. அவள் இன்னும் சாய்ந்தாள், தாடை கைப்பிடியைத் தொடுகிற அளவுக்கு. வண்டி பிடித்துக்கொண்டது.

பின்பக்கமாக இழுபட்டதால் அண்ணன் வீட்டைப் பார்த்தபடியே போனான். அவன் வாசல் அவனை விட்டு விலகிப்போவதைப் பார்த்து அவனே கைதட்டினான். "பரவால்லயே, இழுக்குதே," என்று முன்பற்கள் தெரியச் சிரித்தான். மரத்தடி வந்ததும் அக்கா நின்றாள். நான் பெல்ட்டை அவிழ்த்தேன். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அக்கா வண்டியைத் திருப்பி அவன் முகத்துக்கு நேரே கொண்டு வந்து நிறுத்தினாள்.

"நீ டென்ஷனாகாத. கொஞ்சம் காத்து வாங்கிட்டு இரு. முடிஞ்சதும் கூப்பிடறோம்."

சிரிப்பு நின்றது. அவன் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தான். குட்டிச் சக்கரம் உள்ளே போனது. இன்னொரு தள்ளு, இன்னும் உள்ளே. நான் நின்று நிதானமாகப் பார்த்தேன். எனக்குப் பாவமாக இல்லை, இப்போது நினைத்தாலும் இல்லை.

வாசலில் அக்கா முன்வண்டியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கையால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மேசையில் அண்ணியும் தங்கையும் இருந்தார்கள். அண்ணன் உட்கார வேண்டிய மேசைத் தலைப்பில் போய் நாற்காலியை நிறுத்தினாள்.

"அம்மாவக் கீழ கூட்டிட்டு வாங்க."

தங்கை அண்ணியைப் பார்த்தாள். வெளியே அண்ணன் கத்துவது கேட்டது. முதலில் அண்ணியின் பெயர், பிறகு தங்கையின் பெயர், பிறகு அச்சில் ஏற்ற முடியாதவை. அண்ணி எழுந்தாள். போய் இழுத்துக்கொண்டு வந்துவிடுவாளோ என்று நான் வாசலை மறிக்கத் தயாரானேன். அவள் ஜன்னலை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டாள்.

"ஒரே தூசி," என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். காலை முதல் இரவு வரை அந்தக் குரலுக்குத் தண்ணீரும் மாத்திரையும் கொண்டு போனவள் அவள்.

தங்கை மாடிக்கு ஓடினாள். அம்மா ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். அக்காவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு கைக்கெட்டுகிற தூரத்தில் மகள். அம்மா அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, உன்ன ஹோம்ல சேக்கணும்கறான் அண்ணன். என் வீட்டுக்கு வரியான்னு நான் கேக்கறேன். நீ சொல்லு," என்றாள் அக்கா. கத்தாமல் பேசியது அவளுக்கே பழக்கமில்லாததால் குரல் உடைந்தது.

அம்மா சுற்றிப் பார்த்தாள். "பெரியவன் எங்க?"

"வெளிய காத்து வாங்கிட்டிருக்கான்."

அம்மா கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பினாள். மரத்தடியில் அண்ணன் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"அன்னிக்கும் நான் இந்த எடத்துலதான் உக்காந்திருந்தேன். நீ சக்கரத்தத் தள்ளித் தள்ளிப் பாத்தது எல்லாம் தெரிஞ்சுது. இவன் சத்தத்துக்குப் பயந்துக்கிட்டு வாயத் தொறக்காம இருந்துட்டேன்," என்றாள்.

தங்கை மெதுவாக எழுந்து, அண்ணனை உள்ளே கொண்டு வரட்டுமா என்று கேட்டாள்.

"மொதல்ல என் பையக் கட்டுங்க," என்றாள் அம்மா. "அதுக்கப்புறம் அவனக் கூப்பிடலாம்."