மரத்துக்கும் கண்ணுக்கும் இருபத்தெட்டு அங்குலம்

1. கண்ணைக் கேள்

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். முதல் நாள் முதலாளி லென்ஸ் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஒரு பாடம் நடத்தினார்.

"காதரு, ஆம்பளைங்ககிட்ட வயசக் கேட்டுக்கிட்டு நிக்காத. எல்லாரும் குறைச்சுத்தான் சொல்லுவாங்க. கண்ணக் கேளு, அது பொய் சொல்லாது."

தூரப் பார்வை நன்றாக இருக்கிற ஆளுக்கு, பக்கத்தில் இருப்பதைப் பார்க்க என்ன பிளஸ் பவர் தேவைப்படுகிறதோ, அதை வைத்தே வயதைச் சொல்லிவிடலாம். நாற்பதைத் தாண்டினால் ஒன்று. நாற்பத்தைந்துக்கு ஒன்றரை. ஐம்பதைத் தாண்டினால் இரண்டு, இரண்டே கால். எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. அடுத்தவர் வயதைக் கண்டுபிடிப்பது பெரிய வேடிக்கையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளின் பின்னால் லென்ஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டங்களுக்குப் போவேன். தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் கரும்பலகையின் மேல் சார்ட்டை மாட்டிவிட்டு உட்கார்ந்தால் போதும், மூன்று வகை ஆண்கள் வருவார்கள். இருபது வயதுக்காரனுக்குக் கண்ணில் ஒரு குறையும் இருக்காது, கறுப்புக் கண்ணாடிதான் வேண்டும். அறுபது வயதுக்காரர் வெட்கப்பட மாட்டார், கண்ணில் ஆரம்பித்து முழங்கால் வரைக்கும் எல்லா நோயையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். நடுவில் இருப்பவர்கள்தான் வம்பு. அவர்கள் தங்களுக்காக வரவே மாட்டார்கள், "வீட்டுக்காரிக்குப் பாக்கணும்" என்று மனைவியை முன்னால் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

2. அரிசியில் கல்

லூனாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்த முனியாண்டி அண்ணனும் அப்படித்தான் வந்தார். மனைவி செல்லம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த அக்கா உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல பாய், இவரப் பாருங்க. மரத்துக்கு மரம் காயம் பண்ணி வச்சிருக்காரு. இந்த மாசமும் காயம் இருந்தா, பால்வெட்டுல இருந்து தூக்கிப் புல்லு வெட்டப் போட்டுருவேன்னு வேலைய மேற்பார்க்குற கண்டக்டர் சொல்லிட்டாரு."

உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் பட்டையைத் தாண்டிக் கட்டையில் பட்டுவிடும். அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாகத்தான் வளரும். முப்பது வருடமாக மரம் வெட்டுகிறவரைப் புல்லுக்கு அனுப்புவது என்றால், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் தலைகுனிய வைப்பதற்குச் சமம்.

"உளிதான் சரியில்லலா" என்றார் அண்ணன். "என் கண்ணு கழுகுக் கண்ணு. வயசே நாப்பத்து நாலுதான். அதோட, படிக்கவே தெரியாத ஆளுக்கு எதுக்கு பாய் படிக்கிற கண்ணாடி?"

நான் ஊசியையும் நூலையும் நீட்டினேன். அண்ணன் ஊசியைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிப் பிடித்தார். கடைசியில் ஊசிதான் சரியில்லை என்றார். லென்ஸ் மாற்றிப் பார்க்கிற டிரையல் ஃபிரேமை மாட்டி இரண்டே கால் போட்டதும் நூல் ஒரே தடவையில் நுழைந்தது. நாற்பத்து நாலு வயதுக்கு இரண்டே காலா என்று எனக்குள் சிரித்துக்கொண்டு, அதே பவரில் கண்ணாடி செய்து அடுத்த வாரம் கொடுத்து அனுப்பினேன்.

பத்து நாளில் அண்ணன் கடைக்கே வந்துவிட்டார். கண்ணாடியை மேசைமேல் வைத்தார்.

"பாய், இதப் போட்டா அரிசியில கல்லு தெரியுது. மரத்துல கோடு தெரியல. முன்னவிட இப்ப காயம் கூடிப் போச்சு."

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீ எங்க வச்சு டெஸ்ட் பண்ணுன?"

"பள்ளிக்கூடத்துல."

"அவரு பள்ளிக்கூடத்துலயா மரம் வெட்டுறாரு?"

3. மரத்தடியில்

மறுநாள் விடிகாலையில் லென்ஸ் பெட்டியோடு அவர் வெட்டும் மர வரிசையில், அவருடைய நிரையில் போய் நின்றேன். அண்ணன் உளியைப் பட்டையில் இருந்த வெட்டுக் கோட்டில் வைத்தார். கண்ணுக்கும் உளி முனைக்கும் நடுவில் டேப்பைப் பிடித்தேன். இருபத்தெட்டு அங்குலம். நான் கொடுத்த கண்ணாடியோ பேப்பர் படிக்கிற தூரத்துக்கானது. பேப்பரையே தொடாத மனிதருக்குப் பேப்பர் படிக்கிறவனின் கண்ணாடியைப் போட்டுவிட்டு வேலை பார்த்துவிட்டதாக நினைத்திருக்கிறேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பக்கத்து நிரையில் இருந்தவர்கள் வெட்டுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். நான் ஒவ்வொரு லென்ஸாக மாற்றிக்கொண்டே போனேன்.

"இது தெளிவா, இது தெளிவா?"

பவர் ஒன்றுக்கு வந்ததும் அண்ணன் உளியை இழுத்தார். பட்டை மெல்லிசாகச் சுருண்டு விழுந்தது. கோட்டில் பால் ஒழுங்காக ஓடியது. அண்ணன் விரலால் தடவிப் பார்த்தார், காயம் இல்லை. அடுத்த மரத்துக்கும் டிரையல் ஃபிரேமோடேயே போனார். அதற்கடுத்த மரத்துக்கும் போனார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

எல்லாரும் கலைந்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பாய், இது எல்லாருக்கும் வர்றதுதானா?"

"எல்லா ஆம்பளைக்கும் வரும்ணே. பொம்பளைக்கும்தான். இதுல வெட்கப்பட என்ன இருக்கு?"

"நான் கண்ணே அவிஞ்சு போகப் போகுதுன்னுல்ல நினைச்சேன். ரெண்டு வருசமா வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லல."

அவர் கண் கலங்கியிருந்தது.

வேர்வையில் நழுவாமல் இருக்க, சைக்கிள் டியூப்பை மெல்லிசாக நறுக்கிக் கண்ணாடிக்கு வார் கட்டிக்கொண்டார். "ஆபீஸ் கிராணியார் வர்றாருடா" என்று, கணக்கெழுதுகிற குமாஸ்தாவைச் சொல்வதுபோல நாலு நாள் கேலி செய்தார்கள். மாதக் கடைசியில் கண்டக்டர் அவர் நிரையைச் சுற்றிவிட்டு ஒரு காயமும் இல்லை என்று அடுத்த நிரைக்குப் போனார். அதற்கடுத்த ஞாயிறு, நாற்பதைத் தாண்டிய ஆறு பேர் மனைவி இல்லாமல் தனியாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து யார் வந்தாலும் சார்ட்டைக் காட்டுவதற்கு முன், "என்ன வேலை செய்றீங்க, எவ்வளவு தூரத்துல பாக்குறீங்க?" என்றுதான் கேட்பேன்.

4. பெட்டி கைமாறியது

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் முனியாண்டி அண்ணன் கடைக்கு வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

"பசியாறிட்டீங்களா பாய்? பவர் ஏறிப்போச்சு போல. பேத்திக்குப் பேன் பாக்க முடியல. வயசு அறுவத்தஞ்சுலா" என்று கடையே கேட்கும்படி சொன்னார். நாற்பத்து நாலு வயதுக்காரர் எங்கேயோ போய்விட்டிருந்தார்.

நான் பெட்டியிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து, பிடியில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தேன். கையைக் கொஞ்சம் நீட்டினேன். விளக்குப் பக்கம் திரும்பினேன்.

"லைட் சரியில்ல" என்றேன்.

அண்ணன் எழுந்து வந்தார். என் தோளைப் பிடித்து அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். டிரையல் ஃபிரேமை என் மூக்கில் மாட்டினார். வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நூற்றுக்கணக்கானவர்களிடம் சொன்னவன், இரண்டு வருடமாக விளக்கைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அதை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

"வயசு எத்தன பாய்?"

"நாப்பது ஆகப் போகுதுண்ணே."

அண்ணன் நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து என் கண் முன்னால் வைத்தார், பிறகு இன்னொன்றை வைத்தார்.

"இது தெளிவா, இது தெளிவா?"