பெயர் வாசித்தால்தான் கஞ்சி

வாயைத் திறக்கவே மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கையில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நினைவு தப்பி, கட்டின பெண்டாட்டியையே "யாருங்க நீங்க?" என்று கேட்கிறவரோடு என்ன சண்டை போடுவது? ஆனாலும் போட்டேன். "நானும் மனுசிதானுங்க, எத்தன நேரந்தான் கெஞ்சறது?" என்று கத்தினேன். இப்படியே சாப்பிடாமல் இருந்தால் மூக்கில் குழாய் போட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயத்தில் எனக்கு அழுகைதான் வந்தது.

அவர் காத்திருந்தது ரேடியோவுக்கு. மலைமேல் தலைச்சோலையில் அவர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் நேயர் விருப்பம் வரும். வரிசையாகக் கட்டின லைன் வீடுகளில் இருந்த நாங்கள் எல்லாரும் ஒரே தபால் கார்டில் பெயர் எழுதிப் போடுவோம். கரடியூர்ப் பக்கம் காற்றடித்தால் ரேடியோ கரகரக்கும். பாட்டுக்கு முன்னால் வாசிக்கிற பெயர்களில் நம் பெயர் தப்பிவிடுமோ என்று தவிப்பாக இருக்கும். வாசித்து முடிக்கும்வரை எவரும் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது என்பது நாங்களே போட்டுக்கொண்ட சட்டம். அந்த நிகழ்ச்சியும் நின்று, ரேடியோவும் ஊமையாகிப் பல வருஷமாகிறது. அவருக்கோ இப்போது எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான்.

சேலத்திலிருந்து வந்த மகள், "இதுல இல்லாத பாட்டே இல்லம்மா" என்று ஒரு பாட்டுப் பெட்டியை வைத்துவிட்டுப் போனாள். பெட்டி நன்றாகத்தான் பாடியது. பெயர் வாசிக்கவில்லையே! அவர் வாய் திறக்கவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது. ஒரு காலையில் பெட்டியை நிறுத்திவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு நானே வாசித்தேன். 'விரும்பிக் கேட்டவர்கள்' என்று தொடங்கி, லைனில் குடியிருந்த ஒவ்வொருவரையும் சொன்னேன். செத்துப்போனவர்கள், மலையை விட்டுக் குப்பனூருக்கு இறங்கிப்போனவர்கள், ஒருவரையும் விடவில்லை. கடைசியாக என் பெயர். பிறகு பாட்டைப் போட்டேன். மனுஷன் மடமடவென்று குடித்தார். அப்பாடா என்றிருந்தது.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. சளி பிடித்துத் தொண்டை கட்டினாலும் வாசித்தாக வேண்டும். போன வாரம் சலிப்பில் மற்றவர்களையெல்லாம் விட்டுவிட்டு என் பெயரை மட்டும் சொன்னேன். அதற்கும் குடித்தார். குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, இப்ப பேரு வாசிச்சாங்களே, அந்தம்மா தெனமும் பாட்டு கேக்குதுங்களே. பாவம், ஊட்டுல பேச்சுத் தொணைக்கு ஆருமே இல்லீங்களா?"

"ஒருத்தர் இருக்காருங்க" என்றேன்.