ஜன்னல் அட்டை

என் மனைவிக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. எனக்கும் கிடைக்க வேண்டுமென்றால் மொழித் தேர்வில் தேற வேண்டும். செல்போன் செயலி ஒன்று அட்டை அட்டையாகப் பிரெஞ்சு வார்த்தை காட்டும். ஒவ்வொரு அட்டைக்கும் அவளையே உச்சரிக்க வைத்துப் பதிவு செய்தேன். அவளுக்கு நுரையீரல் நோய் முற்றியிருந்த நாட்கள் அவை.

ஜன்னல் அட்டையின் பதிவில், ‘ஃபெனேத்ர்’ என்றதும் இருமுகிறாள். “மூச்சு வாங்குதுங்க. மிச்சத்த நாளைக்குச் சொல்றேனே.”

“இன்னும் பத்துதான். சும்மா சீன் போடாத.” அது என் குரல்.

அந்த வாரமே போய்விட்டாள். தேர்வுக்கு நான் போகவில்லை.

‘தெரியும்’ என்று அழுத்தினால் அட்டை மாதக்கணக்கில் ஒளிந்துகொள்ளும்; ‘மறந்துவிட்டேன்’ என்றால் மறுநாளே வரும். ஜன்னல் அட்டைக்குத் தினமும் ‘மறந்துவிட்டேன்’ என்றே அழுத்துகிறேன். அம்மா குரலைக் கேட்கத்தான் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். அதில் என் குரலும் இருப்பதைச் சொன்னதில்லை.