அப்பாவைத் திட்டச் சொல்லிக் கெஞ்சிய கதை

அப்பாவின் இடது கால் சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது. இனிப்பு நீர் வியாதியோடு இருபத்தெட்டு வருடப் புகையும் சேர்ந்த கூத்து.

"சிகரெட்ட விடலன்னா மொதல்ல வெரலு, அப்புறம் காலு." காய்கறி நறுக்குவதுபோலச் சொன்னார் கிளினிக் டாக்டர்.

நான் வெளியூரில் டிப்ளோமா படிக்கிறவள், சும்மா இருப்பேனா? அழுகிய நுரையீரல் படத்தைப் பிரிண்ட் அடித்துக் கதவில் ஒட்டினேன். அப்பா அதன் கீழேயே உட்கார்ந்து ஊதினார்.

அவரை நிறுத்த வைத்தவர் மாமா. சொந்தமில்லை, அப்பாவின் மிஷின் ஜோடி. எங்கள் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மிஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தேயிலை வரிசையின் இருபுறமும் அடிக்கு அடி சேர்ந்து நடக்க வேண்டும். ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்க வேண்டியதுதான். எண்ணெய் ஊற்ற நிறுத்தும்போதெல்லாம் இருவரும் தள்ளிப் போய் ஆளுக்கொன்று பற்றவைப்பது வழக்கம். டாக்டர் சொன்னதைக் கேட்டு மாமாவும் விட்டார். அந்த இடைவெளியை வாயால் நிரப்பினார்.

"டேய் நொண்டி, கை நடுங்குதா? பொண்டாட்டி செத்தப்பகூட இப்டி நடுங்கலயேடா!"

"நீ மட்டும் என்னா லா, வெரல மோந்து பாத்துக்கிட்டு நிக்கிற?"

"என் வெரலு மணக்குது. உன் கால் வெரலு நாறுதுடா!"

அப்பா பதில் திட்டுவதற்குள் எண்ணெய் டாங்கி நிறைந்துவிடும். மிஷினைத் தூக்கியாக வேண்டும். இப்படியே நாற்பது நாள் சிகரெட் இல்லாமல் ஓடியது.

மறுபடி லீவுக்கு வந்த நான் சோறு கொண்டுபோனபோது இதைக் காதால் கேட்டேன்.

"மாமா, நீங்கல்லாம் மனுசனா? செத்துப்போன எங்கம்மாவ எதுக்கு இழுக்குறீங்க? இன்னொரு தடவ பேசுனீங்க, கங்காணிகிட்ட சொல்லி ஜோடிய மாத்திருவேன்!"

அப்பா தன் பூட்ஸைப் பார்த்தார். மாமா, "சரிம்மா" என்றார். அத்தோடு வாயை மூடிக்கொண்டார்.

நான்காம் நாள், இருவரும் பேசாமல் நின்றிருந்தபோது, கோலா தெர்லா ஊரிலிருந்து வந்த லோரிக்காரனிடம் அப்பா ஒன்று வாங்கிப் பற்றவைத்தார். மாமா பார்த்துக்கொண்டே நின்றாராம். அந்த மாதமே விரலை எடுத்தார்கள். கட்டுப் போட்ட காலோடு ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்தும் ஊதினார். அடுத்தது பாதம் என்றார் டாக்டர்.

மாமா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"மாமா, அப்பாவ வந்து திட்டுங்க."

"ஏன், கங்காணி திட்ட மாட்டானா?"

"மாமா..."

"உங்கப்பன் வெரல யாரு வெட்டுனா?"

"நான்தான்."

"கேக்கல. லைன் வீடு மொத்தத்துக்கும் கேக்கட்டும்."

கத்திச் சொன்னேன். பக்கத்து வீட்டில் ரேடியோவைக் குறைத்தார்கள். மாமா சட்டையை மாட்டினார்.

வார்டில் அப்பாவின் கை தலையணைக்கடியில் போய்க்கொண்டிருந்தது. பாக்கெட் அங்கேதான் இருந்தது.

"டேய் ஒம்போது வெரலு! அடுத்து எத வெட்டுறானுங்கன்னு சொல்லிரு. நான் வேற ஜோடி பாக்கணும்."

அப்பாவின் கை நின்றது.

"உன் மூஞ்சிக்கு எவன்டா வருவான்?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வராந்தாவுக்குப் போனேன். உள்ளே அம்மாவை இழுக்க ஆரம்பித்தார்கள். காதைப் பொத்திக்கொள்ளாமல் நின்றேன்.