பதினொன்றில் நின்றவன்

என் மனைவி முப்பது வருடமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் கணக்கு ட்யூஷன் எடுக்கிறாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'எக்ஸ் டீச்சர்'. புத்தகக் கணக்கு அவளுக்கு ஆகவே ஆகாது. பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்து கணக்கு கொண்டுவர வேண்டும். மொத்தத்தை மட்டும் சொன்னால் போதும், மீதியைச் சுவரிலிருக்கும் கரும்பலகையில் அவள் கண்டுபிடித்துக் காட்டுவாள். மூலையில் செய்தித்தாளும் கையுமாக உட்கார்ந்திருப்பதுதான் அந்த நேரத்தில் எனக்கு இருக்கும் உரிமை.

அன்று அடுத்தடுத்த எண்கள் பாடம். எக்ஸ், எக்ஸ் கூட்டல் ஒன்று, எக்ஸ் கூட்டல் இரண்டு. பூனை என்று மற்றவர்கள் கேலி செய்யும் சத்தமில்லாத பெண் கை தூக்கினாள்.

"எங்க வீட்டுல நாங்க மூணு பேரு டீச்சர். வருஷத்துக்கு ஒருத்தரா பொறந்தோம். வயசு மொத்தம் முப்பத்தேழு."

"மூணு அடுத்தடுத்த எண்ணைக் கூட்டினா மூணால வகுபடணும். முப்பத்தேழு வகுபடாதே. தப்பாக் கூட்டியிருக்கே."

"இல்ல டீச்சர். போன வருஷம் முப்பத்தஞ்சு. ரெண்டு ரெண்டாத்தான் ஏறுது."

மூன்று பேருக்கு வருடத்துக்கு மூன்றல்லவா ஏற வேண்டும்? பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மனைவிக்கோ கோபம் தலைக்கேறியது.

"சரியாக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் இங்க வராதே."

பூனை வரவில்லை. ஐந்தாம் நாள் மாலை, "எழுந்திருங்க, போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று என் மனைவி என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். திட்டியதற்கு வருத்தமா, கணக்கு வராத எரிச்சலா, எனக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

மாடி வீடு. வாசலில் மூன்று ஜோடி பள்ளிக்கூட ஷூ வரிசையாக இருந்தது. நடு ஜோடி பூனையுடையதைவிடச் சின்னது. பாலிஷ் மினுங்கியது, அடியில் ஒரு பொட்டு மண் இல்லை. உள்ளே படிக்கும் மேசைக்கு மூன்று நாற்காலிகள். பூனை ஒரு ஓரம், அவள் பெரிய அண்ணன் மறு ஓரம். அவர்கள் அம்மா மூன்று டம்ளர் பால் கொண்டுவந்து, ஒன்றை நடுவில் காலி நாற்காலிக்கு எதிரே வைத்தார்.

"பெரியவனுக்குப் பதினாலு. சின்னவளுக்குப் பன்னெண்டு" என்று எங்களுக்கு அறிமுகம் செய்தவர், காலி நாற்காலியைப் பார்த்து, "இவனுக்குப் பதினொண்ணு" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அவர் சமையலறைக்குள் போனதும் பூனை கிசுகிசுத்தாள். "சின்னண்ணன் காய்ச்சல்ல போய் ரெண்டு வருஷமாச்சு டீச்சர். போன வருஷம் நானும் அவனும் ஒரே வயசு. இப்ப அவனைவிட நான் பெரியவ. அவனை விட்டுட்டுக் கூட்டினா அம்மா சாப்பிடாம எழுந்துடுவாங்க. பதிமூணுன்னு போட்டா, அது அவன் இல்ல."

என் மனைவி அவள் நோட்டை வாங்கினாள்.

"அவனுக்கு எக்ஸ் வேண்டாம்மா. பதினொண்ணுன்னே எழுது. நீ எக்ஸ், பெரியண்ணன் எக்ஸ் கூட்டல் ரெண்டு."

முப்பத்தேழில் பதினொன்று போக இருபத்தாறு. அதில் இரண்டு போகப் பாதி, பன்னிரண்டு. பூனை முகம் மலர்ந்தது. எப்போது வந்தாரோ, பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"இவனையும் சேர்த்துத்தானே டீச்சர்?"

"சேர்த்துத்தான்" என்றாள் என் மனைவி.

மறுநாளே பூனை வந்துவிட்டாள். அடுத்த வருடம் மறுபடி அதே பாடம் வந்தது. "இப்ப முப்பத்தொன்பது டீச்சர்" என்றாள். விவரம் தெரியாத ஒரு புதுப் பெண், "மூணால வகுபடுது!" என்று துள்ளியெழுந்து பலகையில் எழுதினாள்: பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. வகுப்பே கைதட்டியது.

பூனைக்கே பதின்மூன்று. அவள் அண்ணனுக்குப் பதினைந்து. பலகையில் இருந்தது போன வருடத்துப் பிள்ளைகள், நடுவிலிருப்பவன் உயிரோடு.

என் மனைவி பதறிப்போய்த் துடைப்பானை எடுத்தாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் டீச்சர்" என்றாள் பூனை.